அடி தெரியக் கூடாது

எங்கள் ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. மேஜையில் வரிசையாக வைத்திருக்கும் ட்ரேக்கள் எதிலும் அடி தெரியக் கூடாது. கடைசி விருந்தாளி கை கழுவிவிட்டு வெளியே போகும்வரை எல்லாமே வழிய வழிய இருக்க வேண்டும். பாதி காலியான ட்ரேயைப் பார்த்தால் எங்கள் மேனேஜருக்கு மயக்கமே வந்துவிடும். அதனால் சமையலறையில் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ததும்பல் சார். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்த மனுஷனுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் அங்கே தலைமைச் சமையல்காரி. பெண்ணாக இருந்தாலும் எல்லோருக்கும் நான் ‘மாஸ்டர்’தான். கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், வாயும் கொஞ்சம் நீளம். கொதிக்கிற எண்ணெய் சட்டி கவிழ்ந்தபோதுகூட நான் கத்தினேனே தவிரப் பயப்படவில்லை. அன்றைக்கு மத்தியானம் பயந்தேன். முன்னூறு பேர் விருந்துக்கு நான் முன்னூறு பேருக்கு மட்டும்தான் சமைத்திருந்தேன்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது, சரியாகத்தானே செய்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். எங்கள் ஹோட்டலில் அது சரியில்லை. முன்னூறு பேர் என்றால் நானூற்றைம்பது பேருக்குச் சமைக்க வேண்டும். அப்போதுதான் அடி தெரியாது. விருந்து முடிந்ததும் மிஞ்சிய சோறு, கோழி, மீன், இனிப்பு எல்லாவற்றையும் பச்சை நிறப் பிளாஸ்டிக் பைகளில் கொட்டிக் கட்டி, பின்பக்க வாசலில் அடுக்குவோம். லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். இத்தனை வருஷமாக அது எங்கே போகிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எங்கே போகிறது என்பது, என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் திணறிய பிறகுதான் தெரிந்தது.

அவர் வெல்டிங் வேலை பார்த்தவர். நுரையீரலில் பாதியை அந்த வேலைக்கே கொடுத்துவிட்டார். மிச்சத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிறார். எங்கள் தெருக்கோடியில் குப்பைமேடு இருக்கிறது. வீடு வாங்கும்போது அது வெற்று நிலம். விற்றவன், “பின்னாடி பார்க் வரப் போகுதும்மா, காத்து பிச்சுக்கிட்டு வரும்” என்றான். பார்க் வரவில்லை. குப்பை வந்தது. இப்போது எங்கள் மொட்டை மாடியைவிட அதன் உச்சி உயரம். அதற்கு அடிக்கடி நெருப்பு பிடிக்கும். கொழுந்து விட்டெல்லாம் எரியாது. அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கசியும், நாள்கணக்கில் கசியும், ஜன்னலை அடைத்தாலும் தலையணைக்குள் வந்து உட்காரும்.

போன தடவை புகை வந்தபோது என் வீட்டுக்காரரின் உதடு நீலம் பாரித்துவிட்டது. கண் செருகிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்த தடவை தப்பிச்சுட்டார். இன்னொரு தடவை இந்தப் புகையில மாட்டினா என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. வீட்டை மாத்திடுங்க” என்றார். மாற்றுவதாம். அந்தக் குப்பைமேட்டுக்குப் பக்கத்து வீட்டை எந்தப் புண்ணியவான் வாங்குவான்? அந்த ஆஸ்பத்திரிச் செலவே என் ஹோட்டல் கொடுத்த மருத்துவ அட்டையில்தான் நடந்தது. எனக்கு வேலை இருந்தால்தான் அந்த அட்டை. அட்டை இருந்தால்தான் அவருக்கு மூச்சு.

அந்த வாரமே எங்கள் தெருக்காரர்கள் எல்லாம் கூடி நகராட்சி இன்ஜினியரைக் குப்பைமேட்டு வேலிக்கே வரவழைத்தோம். எல்லோரையும்விட உரக்கக் கத்தியது நான்தான்.

“யாருய்யா இதுக்கு நெருப்பு வைக்கறது? பிடிச்சு உள்ள போடுங்க!”

அந்த இன்ஜினியர் பாவம், தூக்கம் கெட்ட முகம். “யாரும் வைக்கலம்மா. தானா பத்திக்குது. இதுல பாதிக்கு மேல சாப்பாடு. மேல மேல கொட்டும்போது அடியில காத்து போகாம அழுகுது. வாயு கிளம்புது, சூடாகுது, பத்திக்குது. பேப்பர், துணி மட்டும் இருந்தா இந்த நாத்தமும் இருக்காது, இந்தப் புகையும் இருக்காது.”

“நாங்க எங்க வீட்ல ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்ல” என்றாள் பின்வீட்டுப் பெண். என்னை அக்கா என்றும் என் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் கூப்பிடுகிறவள்.

“நீங்க வைக்கல. ஊர் வைக்குது. முன்ன எல்லாம் என்னிக்கோ ஒரு நாள் இறைச்சி. இப்ப மூணு வேளையும் இறைச்சி. அதுவும் தட்டு நிறைய எடுத்து, பாதி தின்னுட்டுப் பாதியைத் தள்ளறது. அந்தக் கோழி வளர தீவனம் விளையணும், அதுக்குத் தண்ணி, அப்புறம் லாரி, கரண்டு. எல்லாம் செலவு பண்ணி, கடைசியில இங்க வந்து புகையா எரியுது. வயித்துக்குள்ள போயிருந்தாலாவது மனசு ஆறும்.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி வந்து பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டியது. பச்சைப் பைகள். ஒன்று வேலிக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்தது. உள்ளேயிருந்து சோறும் எலும்பும் வழிந்தன. கூடவே ஆரஞ்சு நிறத்தில் பூப்பூவாக ஏதோ சிதறின.

கேரட் பூக்கள். ட்ரேக்களின் ஓரத்தில் அலங்காரத்துக்கு வைக்கிறவை. நான் வெட்டினால் ஐந்து இதழில் ஓர் இதழ் எப்போதும் சாய்ந்துதான் நிற்கும், என் மணிக்கட்டு அப்படி. வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த அத்தனை பூவிலும் ஓர் இதழ் சாய்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். முழங்கையால் என்னை இடித்தார்.

“பாத்தியா, உன் கையெழுத்து.”

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றேன். “சார், கொஞ்சம் குறைச்சு சமைக்கலாமா? மிஞ்சறது ரொம்ப ஜாஸ்தியா இருக்கு.”

அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசினவளைப் போலப் பார்த்தார். “மாஸ்டர், நம்ம விருந்துக்கு வர்றவங்க வயித்தால சாப்பிடறதில்ல, கண்ணால சாப்பிடறாங்க. மிஞ்சினா நம்ம பேர் நிக்கும். குறைஞ்சா நாம நிக்க முடியாது.”

“மிஞ்சினதை யாருக்காவது குடுத்துடலாமே சார்?”

“குடுத்து, அவனுக்கு வயித்து வலி வந்து, நாளைக்கு அவன் போர்டு பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னா? ஆள விடுங்க மாஸ்டர்.”

ஆளை விட்டேன். ஆனால் மனசு விடவில்லை. அதனால்தான் அடுத்து வந்த ஒரு கம்பெனி விருந்துக்கு, யாரிடமும் சொல்லாமல், முன்னூறு பேருக்கு மட்டும் சமைத்தேன். யாரிடமும் என்றால், என் வீட்டுக்காரரையும் சூப்பக்காவையும் தவிர. சூப், சாலட் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதால் அவள் சூப்பக்கா. என்னைவிட வயதில் மூத்தவள், வம்புக்குப் பயந்தவள்.

“மாஸ்டர், இது தேவையா? ததும்பல் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பாரே.”

“அதுக்கும் வழி இருக்கு” என்று ஒரு காலி ட்ரேயை எடுத்தேன். ஆழமான ட்ரேக்குள் அதைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கோழியைப் பரப்பினேன். கொஞ்சம் கோழிதான். பார்ப்பதற்கு மலை மாதிரி இருந்தது. மற்ற ட்ரேக்களுக்கும் இதே வித்தைதான். சூப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “மாட்டிக்கிட்டா உங்க வேலை போயிடும்” என்றாள். எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூட உள்ளே இறங்கவில்லை.

விருந்து தொடங்கியது. சமையலறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. நான் அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

சாப்பிடுகிறவர்களை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை. சமைப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அன்றைக்கு ஒவ்வொரு கரண்டியையும் எண்ணாத குறைதான். டை கட்டிய ஒருவர் தட்டில் சோற்றை வைத்து, அதன் மேல் கோழி, கோழியின் மேல் மீன், மீனின் மேல் இனிப்பையும் வைத்தார். வீடா கட்டுகிறாய், பாவி! ஒரு பெண் இலையும் தழையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். சரி, இவள் நல்லவள் என்று நினைத்தேன். அதையும் பாதி மேஜையில் வைத்துவிட்டுப் புதுத் தட்டு எடுக்கப் போனாள். இன்னொருத்தர் நாலு கோழித் துண்டை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்தார். எந்தத் துண்டு பிடிக்கிறது என்று பார்க்கிறாராம். நடுவில், தாடிக்காரர் ஒருவர் கொஞ்சம் பருப்பும் சோறும் போட்டுக்கொண்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி வந்து கொஞ்சம் போட்டுக்கொண்டார். ஓடிப்போய் அவர் காலில் விழலாம் போலிருந்தது.

ஆனாலும் தாக்குப் பிடித்தது. ட்ரே இறங்க இறங்க சூப்பக்கா உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் நிரப்பினாள். மேனேஜர் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார், முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது ஏப்ரன் பைக்குள் போன் நடுங்கியது. பின்வீட்டுப் பெண்.

“அக்கா, புகை கிளம்பிடுச்சு. இந்த தடவை நம்ம பக்கமே அடிக்குது. அண்ணனுக்கு இழுக்குது.”

“உதடு எப்படி இருக்கு? நீலமா இருக்கா, பாரு!”

“லேசா. ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. எங்க வீட்டுக்காரர் கூடப் போறாரு. நீங்க உடனே வாங்கக்கா.”

நான் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து, மூக்கு வியர்த்ததைப் போல, மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் பல்.

“மாஸ்டர், அந்தக் கம்பெனிக்காரங்க அவங்க கிடங்குல வேலை செய்யறவங்களையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. கடைசி நேரத்துல கேட்டாங்க. தாராளமா வரட்டும், எங்ககிட்ட எப்பவும் மிச்சம் இருக்கும்னு சொல்லிட்டேன். ஒரு பஸ் நிறைய ஆளுங்க, கீழ இறங்கிக்கிட்டு இருக்காங்க.”

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். நானும் சூப்பக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மிச்சக் கோழி எல்லாம் ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்தது. அது இளகுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

“நீங்க கெளம்புங்க மாஸ்டர், நான் பாத்துக்கறேன்” என்றாள் சூப்பக்கா. நான் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ட்ரே காலியாகும், கவிழ்த்து வைத்தது தெரியும், அவள் மாட்டுவாள், பின்னாலேயே நான் மாட்டுவேன். வேலை போகும். வேலையோடு அந்த அட்டையும் போகும். அட்டை இல்லாமல் அவரை எந்த ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன்? போனால் அவர் பக்கத்தில் இருக்கலாம். போகாவிட்டால் அவருக்கு மருந்து இருக்கும். இரண்டில் எது என்று என்னால் யோசிக்க முடியவில்லை.

மறுபடி போன். இந்த முறை அவரே. ஆட்டோ சத்தம், நடுவில் அவருடைய இழுப்பு.

“வராத” என்றார். மூச்சு வாங்கினார். “பாதியில விட்டுட்டு வந்தா... எல்லாம் குப்பைக்குத்தான் வரும். முடிச்சுட்டு... வா.”

“பேசாதீங்க! மூச்சை வீணாக்காதீங்க!” என்று கத்தினேன். அவர் வைத்துவிட்டார். எனக்குக் கண் மங்கியது. ஏப்ரனாலேயே முகத்தைத் துடைத்து, அதை இழுத்து மறுபடி கட்டினேன்.

“அக்கா, அந்த உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்து எல்லாத்தையும் சின்னச் சின்னதா நறுக்கச் சொல்லு. பீன்ஸும் சேர்த்து வதக்கு. சூப்பைச் சுட வைச்சு முதல்ல அனுப்பு. கிடங்குக்காரங்க வெயில்ல வந்திருப்பாங்க, குடிப்பாங்க.”

ஆறு அடுப்பையும் எரியவிட்டோம். உருளைக்கிழங்கு வேகிற நேரத்தில் கண்ணாடிக்கு ஓடி வந்து பார்த்தேன். கிடங்கு ஆட்கள் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர்கள், நல்ல பசி. அவர்களுக்கு முன்னாலேயே ஆபீஸ் ஆட்கள் இரண்டாவது ரவுண்டுக்கு வந்து, பசியே இல்லாமல் கோழியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் யாரோ பெரிய மனுஷருக்குத் தன் கையாலேயே பரிமாறலாம் என்று கோழி ட்ரேயில் கரண்டியை ஆழமாக விட்டார்.

டங்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கே கேட்டது. அவர் கரண்டியால் இன்னொரு தடவை தட்டினார். டங். கோழியை ஒதுக்கிப் பார்த்தார். கவிழ்ந்த ட்ரேயின் முதுகு பளபளவென்று அவரைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். அவர் மெதுவாகத் தலையை நிமிர்த்திக் கதவுக் கண்ணாடியைப் பார்த்தார். என் முகம் அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒளிவதா? அதற்கெல்லாம் நேரம் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று கேட்காதீர்கள். அவர்மேல், அந்த நாலு துண்டைக் கடித்துப் பார்த்தவர்மேல், இத்தனை வருஷமாகக் கேள்வி கேட்காத என்மேலும்தான். மாஸ்டர்கள் மண்டபத்துக்குள் வரக் கூடாது என்பதும் எங்கள் ஹோட்டலில் ஒரு வழக்கம். எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரனோடு நான் கதவைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன். மேனேஜர் கையிலிருந்த கரண்டியை வாங்கினேன். வாங்கினேன் என்ன, பிடுங்கினேன்.

“மாஸ்டர், என்ன இது?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டில் புன்னகையோடு.

“அப்புறம் திட்டுங்க சார். இப்ப நான் பரிமாறறேன்.”

அவருக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய மனுஷர் நின்றுகொண்டிருந்தார். அதனால் மேனேஜரால் வாயைத் திறக்க முடியவில்லை. நான் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

“வாங்க, தட்டை நீட்டுங்க. நான்தான் சமைச்சேன், என் கையாலேயே போடறேன். ரெண்டு துண்டு போதுமா? சாப்பிட்டுட்டு வாங்க, சூடா மறுபடி போடறேன். எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்.”

நாலு துண்டு கடித்தவர் மறுபடி வந்தார். அவர் தட்டை ஒரு பார்வை பார்த்தேன். “இது என்ன சார், பல் டாக்டருக்குக் காட்டவா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். பின்னால் நின்ற கிடங்கு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் அசடு வழிந்துகொண்டு ஒரு துண்டு போதும் என்றார். இலை தழைப் பெண் தன் பழைய தட்டையே எடுத்துக்கொண்டு வந்தாள். இத்தனைக்கும் நான் யாரையும் மிரட்டவில்லை. ஒரு ஆள் எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, “போதுமா?” என்று கேட்டால் ஜனங்களுக்குத் தங்கள் வயிறு எவ்வளவு என்று ஞாபகம் வந்துவிடுகிறது. தானாக அள்ளும்போதுதான் அது மறந்துவிடுகிறது.

கிடங்கு ஆட்கள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். சோற்றில் பருப்பை ஊற்றி, உருளைக்கிழங்கைத் தொட்டுக்கொண்டு, இன்னும் இன்னும் என்று வாங்கினார்கள். ஒருவன் மட்டும் மீனை மேஜைக்கு அடியில் தள்ளப் பார்த்தான், அவனை நான் முறைத்த முறைப்பில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். எனக்கு வாய் பேசிக்கொண்டே இருந்தது. உள்ளே நெஞ்சு மட்டும் ஏப்ரன் பையைக் கவனித்துக்கொண்டிருந்தது. போன் நடுங்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவை நினைத்தேன், ஆட்டோ இந்நேரம் போயிருக்கும். சிக்னலில் நிற்கும். உள்ளே கூட்டிப் போயிருப்பார்கள். மாஸ்க் போட்டிருப்பார்கள். போட்டிருப்பார்கள் அல்லவா? நல்ல சேதி என்றால் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்களா? கெட்ட சேதியைச் சொல்லத்தான் தயங்குகிறார்களா? “அம்மா, சாதம் தரையில விழுது” என்றார் தட்டை நீட்டியிருந்த ஒருவர்.

கடைசி ஆள் சாப்பிட்டுவிட்டுப் போனபோது எல்லா ட்ரேயிலும் அடி தெரிந்தது. கவிழ்த்து வைத்த ட்ரேக்களையெல்லாம் சூப்பக்கா எப்போதோ எடுத்து ஒளித்துவிட்டிருந்தாள். பாத்திரம் கழுவுகிறவர்கள் வழிக்க ஒன்றும் இல்லை என்று வியந்தார்கள். பின்பக்க வாசலுக்கு வந்த லாரிக்காரர் எலும்பும் காய்கறித் தோலும் கட்டிய இரண்டு பைகளைப் பார்த்துவிட்டு, “ஏன் மாஸ்டர், இன்னிக்கு விருந்து கிடையாதா?” என்று கேட்டார்.

மேனேஜர் மண்டபத்து நடுவில் நின்று வெறும் ட்ரேக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய மனுஷர் போகும்போது அவர் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போனார். இருந்தும் இவர் முகத்தில் ஈயாடவில்லை.

“நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க மாஸ்டர்” என்றார்.

“சரி சார். இப்ப நான் போகணும். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்கார்.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். “எப்ப இருந்து?” என்றார். பதில் சொல்ல நான் அங்கே நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் குப்பைமேடு இருக்கிற வடக்குப் பக்கத்து வானம் புகையில் வெளுத்துக் கிடந்தது. பஸ் ஜன்னல்களை எல்லோரும் சாத்திக்கொண்டார்கள். எனக்கு எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. பின்வீட்டுக்காரர் வார்டு வாசலில் நின்றிருந்தார். “இருக்கார், இருக்கார்” என்றார் அவர் அவசரமாக. “என் போன்ல சார்ஜ் போயிடுச்சு, மன்னிச்சுக்குங்க.” அவரை அங்கேயே அறைந்திருப்பேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கிலும் வாயிலும் மாஸ்க். உதடு தெரியவில்லை, நகங்களைப் பார்த்தேன். நீலம் முழுசாகப் போகவில்லை. நெஞ்சு இன்னும் துருத்தி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் வைத்திருந்துதான் சொல்ல முடியும் என்று நர்ஸ் சொன்னாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு அழுகை வந்தால் சத்தமாகத்தான் வரும். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலச் சாப்பாடு வந்தது. குழி குழியாக இருக்கிற ஆஸ்பத்திரித் தட்டு. சோறு, பருப்பு, ஏதோ ஒரு காய், ஒரு துண்டு கோழி. அவர் மாஸ்க்கை ஒதுக்கி இரண்டு வாய் வாங்கினார். அதற்குமேல் முடியவில்லை, கையை ஆட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஊழியப் பெண் தள்ளுவண்டியோடு வந்து தட்டை எடுத்தாள். வண்டியின் அடித்தட்டில் ஒரு பெரிய வாளி இருந்தது. வார்டு முழுக்க மிஞ்சியது எல்லாம் அதில் குழைந்து கிடந்தது.

“அதை வெச்சுடும்மா” என்றேன்.

“நோயாளி சாப்பிட்டதும்மா, ஆறிப் போச்சு.”

“என் புருஷன் சாப்பிட்டதுதானே? வெச்சுட்டுப் போ.”

மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். உப்பு இல்லை. காய் வேகவே இல்லை. சமைத்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். காலையிலிருந்து வெறும் வயிறு, அழுகை வேறு, கவளம் கவளமாக உள்ளே தள்ளினேன்.

அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார். “எவ்வளவு... மிச்சம்?”

“ஒண்ணும் இல்ல. வழிச்சு எடுத்தாச்சு. ரெண்டே பை, அதுவும் எலும்பும் தோலும்.”

அவர் கண் சிரித்தது. கொஞ்சம் இருமினார். “அப்புறம் ஏன்டி... இன்னிக்கும் எரிஞ்சுது?”

இதை பஸ்ஸிலேயே நான் யோசித்துவிட்டேன். யோசிக்கக் கூடாது என்றுதான் பார்த்தேன். அந்த மேட்டின் அடியில் எத்தனை வருஷத்து விருந்து கிடக்கிறதோ.

“இன்னிக்கு எரிஞ்சது இன்னிக்குச் சாப்பாடு இல்லீங்க” என்றேன். “நான் போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் சமைச்சதெல்லாம்தான் இப்ப எரியுது. அது இன்னும் எத்தனை நாள் எரியுமோ.”

அவர் மாஸ்க்கை வைத்துக்கொண்டு நாலு தடவை மூச்சு இழுத்தார். மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. என் மடியிலிருந்த தட்டைப் பார்த்தார். அதில் அந்தக் கோழித் துண்டும் கொஞ்சம் பருப்புச் சோறும் மிஞ்சியிருந்தன.

“அப்ப அதையும் சாப்பிட்டு முடி” என்றார். “அடுத்த வருஷமும் நான் மூச்சு விடணும்ல.”